பிரச்சினை மரமும் நிலாவெளியும்

சிக்கலொன்றின் ஆழ்காரணங்களை மக்களே கூடி ஆராயும் செயலமர்வுகள், 2004 டிசெம்பர் 26இன் கடற்கோளுக்குப் பின்னர் கிழக்குக் கரையிற் பெருகின. தாளும் வண்ணப் பேனாவும் மதிய உணவும் குறைவின்றியே கிடைத்தன. அவற்றின் விருப்புக்குரிய கருவி பிரச்சினை மரம்: தண்டு பிரச்சினை, கிளைகள் விளைவுகள், வேர்கள் காரணங்கள்.

இதனைப் பிரேசிலியக் கல்வியாளர் பாவுலோ பிரெய்ரியின் வழிவந்ததெனக் கொள்வோர் உளர். ஆயின், அது பெரிதும் பரவியது 1980களில் மேற்கு ஜேர்மனிய உதவி நிறுவனமொன்று கையாண்ட திட்டமிடல் முறையினூடாகவே. பிரெய்ரியிடத்து மக்களின் வாழ்நிலையே வினாவுக்குள்ளாகிறது. இங்கோ திட்டத்திற்கு இசைவான காரணமே அட்டையேறுகிறது.

நிலாவெளியை நோக்குவோம். 'மீனவருக்கு வீடில்லை' என்பதைத் தண்டாக வரைந்தால், வறுமை, விழிப்புணர்வின்மை என வேர்களை நிரப்புதல் எளிது. எனினும் 2005இல் கரையோரக் கட்டுமானத் தடை வலயம் தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றராகவும், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றராகவும் வகுக்கப்பட்டது. தோணியையும் வலையையும் கண்ணெதிரே வைத்திருக்கவேண்டிய கரைவலைத் தொழிலாளருக்கு அம்மேலதிக 100 மீற்றர் சிறிதன்று. விதி பின்னர் தளர்ந்தமை வேறு கதை. அவ்வேர் ஊரில் இல்லை, கொழும்பில் இருந்தது. அதனை ஒருவர் எழுத முனைகையில், 'எம்மால் தீர்க்கக்கூடியதை மட்டும் எழுதுவோம்' என வளவாளர் கூறுவாராயின், அவரது நடுநிலை அவ்விடத்தே பக்கச்சார்பாகிறது. அவர் செய்யத்தக்கது, அவ்வட்டையை அகற்றாது வைத்து, அடுத்த அமர்வுக்குக் குச்சவெளிப் பிரதேச செயலக அலுவலரை அழைத்து, அதன்முன் அமர்த்துவதே.