கடலிலும் தொடரும் அதிகாரம்: ‘டொக்டர் அற் சீ’ - ஒரு நோக்கு

நகைச்சுவை அதிகாரத்தை எதிர்க்கின்றதா, அல்லது அதனைச் சகித்துக்கொள்ள நம்மைப் பழக்குகின்றதா என்பது விமரிசகர்களிடையே நெடுங்காலமாக நிலவிவரும் வினாவாகும். இதனை ஆராய்வதற்கு, இலண்டன் வீக்கெண்ட் தொலைக்காட்சி நிறுவனம் 1974ஆம் ஆண்டில் தயாரித்த ‘டொக்டர் அற் சீ’ என்னும் 13 அங்கத் தொடர் பொருத்தமானதோர் எடுத்துக்காட்டாகும்.

இதன் மூல நூலாசிரியர் றிச்சட் கோர்டன். மயக்கமருந்து மருத்துவரான கோர்டன் ஒஸ்ற்லியரின் புனைபெயர் அது. அவர் கப்பல் மருத்துவராகவும் பணியாற்றியவர். அவரது நாவல் 1953இல் வெளிவந்து, 1955இல் டேர்க் போகார்ட்டின் நடிப்பில் திரைப்படமாயிற்று. அவ்விரண்டிலும் வருவது சரக்குக் கப்பல். தொலைக்காட்சித் தொடரிலோ அது ‘பெகோனியா’ என்னும் உல்லாசப் பயணக் கப்பலாகின்றது. இது வெறும் காட்சி மாற்றமன்று. சரக்குக் கப்பலில் கடல் உழைப்பின் களம். மருத்துவரிடம் வருபவன் பெரும்பாலும் உழைப்பாளி. உல்லாசக் கப்பலில் நோயாளி பணம் செலுத்திய வாடிக்கையாளராகின்றார். மருத்துவரோ விருந்தினரை மகிழ்விக்க வேண்டிய ஊழியருமாகின்றார்.

டங்கன் வேறிங் (றொபின் நெட்வெல்), டிக் ஸ்ருவட்-கிளார்க் (ஜெப்ரி டேவிஸ்) என்னும் இளம் மருத்துவர் இருவரும் செயின்ற் சுவிதின்ஸ் மருத்துவமனையையும், பேராசிரியர் சேர் ஜெப்ரி லொப்ரஸின் கண்டிப்பையும் நீங்கிக் கடலேறுகின்றனர். ஆனால் அங்கே கப்டனாக வீற்றிருப்பவர் பேராசிரியரின் சகோதரர்! இருவராகவும் நடிப்பவர் ஏர்னஸ்ட் கிளார்க் ஒருவரே. அதிகாரத்திற்கு ஆட்கள் மாறலாம். முகம் மாறுவதில்லை என்பதை ஒரு சொல்லும் பேசாமல் உணர்த்தும் இவ்வமைப்பே தொடரின் தலையாய சிறப்பாகும்.

எனினும், தான் கண்டுபிடித்த இவ்வுண்மையின் ஆழத்திற்குத் தொடர் செல்லவில்லை. பேராசிரியரின் அதிகாரத்திற்கு மருத்துவ அறிவு ஓரளவேனும் ஆதாரமாகும். கப்டன் மருத்துவம் அறியாதவர். ஆயினும் மருத்துவர் அவருக்குக் கீழ்ப்பட்டவரே. மருத்துவக் கடமையும் கப்பற் கட்டளையும் மோதும் இவ்விடத்திலேயே உயர்ந்த அங்கதம் பிறந்திருக்க வேண்டும். தொடரோ காதற் குறும்புகளிலும், கப்டனிடம் அகப்பட்டு விடுவோமோ என்னும் அச்சத்திலும் பெரிதும் தங்கிவிடுகின்றது. கணக்கலுவலர், கேளிக்கை அலுவலர், தாதி ஆகியோர் முதன்மை பெறுகின்றனர். கப்பலை இயக்கும் உழைப்பாளர் கதையின் மையத்தை எட்டுவதில்லை.

பொழுதுபோக்குத் தொடரிடம் இத்தனையும் எதிர்பார்ப்பது முறையா எனச் சிலர் வினவலாம். இவ்வரிசையின் முதற்றொடரான ‘டொக்டர் இன் த ஹவுஸ்’ 1969இல் தொடங்கியபோது, அதன் முதல் அங்கத்தை எழுதியோர் ஜோன் கிளீஸும் கிரஹம் சப்மனும் ஆவர். சப்மன் மருத்துவம் பயின்றவர். மருத்துவக் கல்வியை உள்ளிருந்து கண்டவரின் பார்வை அச்சிரிப்பிற்குப் பின்னே இருந்தது. மென்மையான நகைச்சுவைக்கும் கூர்மையான சமூக நோக்கிற்கும் இயல்பான பகை இல்லை என்பதற்கு இதுவே சான்றாகும்.

1975இல் தொடங்கிய ‘டொக்டர் ஒன் த கோ’ தொடரில் இவ்விருவரும் மீண்டும் அதே மருத்துவமனைக்கு, அதே பேராசிரியரிடம் திரும்புகின்றனர். கடற்பயணம் எதனையும் மாற்றவில்லை. மேலோரைப் பார்த்து இளையோர் சிரிப்பது விடுதலையின் தொடக்கமாகலாம். அச்சிரிப்பு எவ்வினாவையும் எழுப்பாது ஓயுமாயின், அது அடுத்த நாளும் பணிந்து நிற்பதற்கான ஓய்வாக மட்டுமே எஞ்சும். ‘டொக்டர் அற் சீ’ சுவையான தொடரே. ஆயினும் அதன் சிரிப்பு இவ்விரண்டாவது வகையினது.