கோட்டையும் குடிகளும்

நூல்களையும் நாடகங்களையும் எடைபோடும் பக்கத்தில் கணிப்பொறி விளையாட்டொன்றை எடுத்துக்கொள்வது அன்பர் சிலருக்கு வியப்பளிக்கலாம். எனினும், நம் இளைஞர் இரவு நெடுநேரம் விழித்திருந்து சுவைக்கும் ஒன்றை அறியாமலே பழிப்பது முறையன்று. ஆகவே நாமும் ஆடிப் பார்த்தோம். மகிழ்ந்தோம் என்பதையும் மறைப்பதற்கில்லை.

இங்கிலாந்தின் ஃபயர்ஃபிளை நிறுவனத்தார் 2001-ஆம் ஆண்டில் வெளியிட்ட 'ஸ்ட்ராங்ஹோல்ட்' என்பதே நாம் குறிப்பிடுவது. இடைக்காலப் பிரபு ஒருவராக நாம் அமர்கிறோம். கல் வெட்டி மதில் எழுப்ப வேண்டும். அதற்குமுன் குடிகளின் வயிறு நிரம்ப வேண்டும். கோதுமை வயலில் விளைந்து, ஆலையில் மாவாகி, அடுப்பில் அப்பமாகிக் களஞ்சியம் சேரும் வரை ஒவ்வொரு கையையும் நாம் பின்தொடரலாம். இந்த விளையாட்டின் உயிரான அழகு இதுவே. போர்க்களம் அதற்கு அடுத்ததுதான். கோபுரம் கட்டுபவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்கிடுவதையும், போருக்குச் செல்லும் அரசன் தன் படையின் அளவை எண்ணிப் பார்ப்பதையும் ஆண்டவர் அடுத்தடுத்த உவமைகளாகச் சொன்னார் (லூக்கா 14:28-32). அவ்விரண்டும் இங்கே ஒரே திரையில் நடக்கின்றன.

குடிகளின் நல்லெண்ணம் ஓர் எண்ணாகக் காட்டப்படுகிறது. வரி கூடினால் அது இறங்கும். உணவு வகை பெருகினால் ஏறும். பூங்கா அமைத்தால் மக்கள் மகிழ்வர், ஆனால் உழைப்பு குறையும். தூக்குமரம் நட்டால் அஞ்சி அதிகம் உழைப்பர், ஆனால் படைவீரரின் ஊக்கம் தளரும். கொடுங்கோன்மைக்கு விலை உண்டெனக் காட்டும் இவ்வமைப்பைப் பாராட்டுகிறோம்.

ஆலயமும் உண்டு. குரு தெருவில் நடந்து ஆசி வழங்குவார். ஆசி பெற்றோரின் விழுக்காட்டிற்கேற்பப் பிரபுவின் செல்வாக்கு உயரும். குருத்துவப் பணி செய்யும் நமக்கு இதைக் கண்டு சிரிப்பும் வந்தது, சற்றே உறுத்தலும் வந்தது. ஐரோப்பிய இடைக்காலத்தில் ஆள்வோர் திருச்சபையை இப்படிப் பயன்படுத்த முயன்றது உண்மை. ஆனால் அநீதியான வரியைக் கண்டிக்கும் குரு ஒருவர்கூட இந்தக் கோட்டையில் இல்லை. 1170-இல் கேன்டர்பரியில் தம் பேராலயத்திலேயே கொல்லப்பட்ட புனித தாமஸ் பெக்கட்டுக்கு இங்கே இடம் கிடைத்திராது.

நாம் ஒப்ப முடியாதது வேறொன்று. மதுச்சாலை திறந்து குடிகளுக்கு வாற்கோதுமை மது ஊற்றினாலும் செல்வாக்கு ஏறுகிறது. எத்தனை பேருக்கு மது எட்டுகிறதோ அத்தனை நன்மை. வேறு நாட்டில் இதை வேடிக்கையாகக் கடந்துவிடலாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தால் அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட மாவட்டத்தில், களமருதூரிலோ கல்வராயன் மலையடிவாரத்திலோ வாழும் இளைஞர் அதை எப்படிக் கடப்பர்? கூலியைக் குடித்துத் தீர்த்தவன் வீட்டில் அடுப்பு அணைந்திருப்பதைக் கணக்கிட இவ்விளையாட்டில் எண் இல்லை. மது வருவாயில் கருவூலம் நிரப்பும் ஆட்சியை அது கற்பனை செய்யவுமில்லை. அங்கே பிரபு தம் செலவிலேயே ஊற்றுகிறார்!

நல்லெண்ணம் ஐம்பதுக்குக் கீழே இறங்கினால் குடிகள் கோட்டையை விட்டு வெளியேறிவிடுவர். இது மிக எளிய விடுதலை. இடைக்காலப் பண்ணையடிமை தன் பிரபுவின் நிலத்தை அனுமதியின்றி விட்டுச் செல்ல இயலாது. நமது கல்வராயன் மலையும் 1976 வரை ஜாகிர்தார்களின் ஆளுகையில் இருந்ததே! மலைவாழ் மக்கள் தம் நிலத்தையும் காட்டையும் உதறிவிட்டு எங்கே போயிருப்பர்? ஆடும் இளைஞரிடம் இதைக் கேட்டுப் பாருங்கள். விளையாட்டை நிறுத்தச் சொல்வதைவிட அது பயன் தரும்.

கோட்டை முற்றுகையைப் பொறுத்தவரை ஏணி, கவண்பொறி, கொதிக்கும் எண்ணெய் எல்லாம் விறுவிறுப்பாகவே அமைந்துள்ளன. ஓரிரு மணி நேரத்தில் முடிந்தும் விடுகிறது. நமக்கு வடக்கே செஞ்சியை முகலாயப் படை 1690 முதல் 1698 வரை முற்றுகையிட்டிருந்தது. 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட அக்கோட்டைக்கு இளைஞரை அழைத்துச் செல்லும் பங்குகள், ராஜகிரி உச்சிக்கு ஏறுமுன் அடிவாரத்து நெற்களஞ்சியங்களின் முன் சற்று நேரம் நிற்கட்டும். அவ்வளவு பருத்த சுவர்கள் எதற்கென்று, இந்த விளையாட்டை ஆடியவர்களே மற்றவர்க்கு விளக்கிவிடுவர்.