சட்டமன்றத்துக்கு எத்தனை வயசு?

2012-ல் தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு அறுபது வயசு. வைர விழா எடுத்தார்கள். குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி வந்தார். 2021-ல் அதே சட்டமன்றத்துக்கு நூறு வயசு. நூற்றாண்டு விழா எடுத்தார்கள். குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் வந்தார். ஒன்பது வருஷத்தில் நாற்பது வயசு கூடிப்போச்சு.

எங்க தொழிலில் இதை 'எபோக்' பிரச்சினை என்போம். கணினி நேரத்தை எண்ண ஒரு தொடக்கப் புள்ளி வேணும். யூனிக்ஸுக்கு அது 1970 ஜனவரி 1. இரண்டு நிரல்கள் வேறு வேறு நாளிலிருந்து எண்ண ஆரம்பித்தால், இரண்டும் தப்பில்லாமல் எண்ணியே இரண்டு விடை சொல்லும்.

2012-ல் எண்ணியது 1952-லிருந்து. எல்லோருக்கும் வாக்குரிமையோடு நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. 2021-ல் எண்ணியது 1921 ஜனவரி 12-லிருந்து. அன்றைக்குத்தான் பிரிட்டிஷ் அரச குடும்பத்தைச் சேர்ந்த கன்னாட் கோமகன் சென்னை மாகாணச் சட்டமன்ற மேலவையைத் தொடங்கிவைத்தார். சட்டப்பேரவை என்ற பெயரில் ஓர் அவை வந்தது 1937-ல், ஆகவே அதை வைத்து எண்ணுவோரும் உண்டு. 1861-லேயே கவர்னருக்கு ஆலோசனை சொல்ல ஒரு சட்டமன்றம் இருந்தது, அதை ஏனோ யாரும் எண்ணுவதில்லை.

2021 ஆகஸ்ட் 2 விழாவில் கருணாநிதியின் படத்தைத் திறந்தார்கள், அதிமுக வரவில்லை. நான் பார்த்த விவாதங்கள் எல்லாம் யார் படம், யார் வரல என்பதிலேயே முடிந்தன. ஏன் 1921, ஏன் 1952 என்ற கேள்விக்கு அவற்றில் இடமில்லாமல் போனதுதான் என் குறை. (நூற்றாண்டு கண்ட மேலவை 1986-லேயே கலைக்கப்பட்டது என்பது தனி வேடிக்கை.)

1921-ஐ நான் குறைத்துச் சொல்லவில்லை. காங்கிரஸ் புறக்கணித்த தேர்தலில் நீதிக்கட்சி ஜெயித்தது. சுப்பராயலு ரெட்டியாரும் அவருக்குப் பின் பனகல் ராஜாவும் முதல் மந்திரிகளாக இருந்தார்கள். வகுப்புவாரி அரசாணை அந்தக் காலத்தில் வந்தது. எங்க ஊர்க் கோயில் கணக்கை இன்றைக்கு அரசு கேட்கிறதென்றால் அதற்கு வேர் அந்த அவை நிறைவேற்றிய அறநிலையச் சட்டம். பெண் என்பதற்காக வாக்கு மறுக்கக் கூடாது என்று 1921-லேயே தீர்மானம் போட்டார்கள், பிரிட்டிஷ் இந்தியாவில் அதுதான் முதல். சில வருஷத்தில் முத்துலட்சுமி ரெட்டி அதே அவையின் துணைத்தலைவராக உட்கார்ந்தார். தேவதாசி முறைக்கு எதிராக அங்கேதான் பேசினார்.

ஆனால் அதிகாரம் எவ்வளவு? அதன் பெயர் இரட்டை ஆட்சி. சங்கரன்கோவில்காரனுக்கு இது சட்டென்று புரியும் போலத் தோணும்: ஒரே மேனியில் பாதி சிவன், பாதி திருமால். ஆனா சங்கரநாராயணரில் இரண்டும் சரிபாதி. இங்கே கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி மந்திரிகளிடம். நிதி, போலீஸ், நிலவரி எல்லாம் கவர்னர் பக்கம். பள்ளிக்கூடம் திறக்கலாம், காசுக்கு அடுத்த அறைக்காரரைக் கேட்கணும்.

இன்னொரு கணக்கு. மாகாணத்தில் நாலு கோடிக்கும் மேல் ஜனம். வாக்காளர்கள் சுமார் பன்னிரண்டரை லட்சம். நூறு பேரில் மூணு பேர் என்று வையுங்கள். சொத்து இருக்கணும், வரி கட்டணும். பிராமணரல்லாதாருக்கு 28 இடம் ஒதுக்கினார்கள். ஆனால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று தேர்தலில் ஓர் இடம்கூட ஒதுக்கவில்லை. எம்.சி. ராஜா அந்த அவைக்குள் போனது கவர்னர் நியமனத்தில். இன்றைக்கு எங்க சங்கரன்கோவில் தனித் தொகுதி. ஒதுக்கிய அந்த இடத்துக்கும் ஆளைத் தேர்ந்தெடுப்பது ஊர் முழுக்க. இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தை நூற்றாண்டு என்ற ஒரே சொல்லில் மூடிவிட முடியுமா?

'அந்தக் காலத்தில் அவ்வளவுதான் கிடைக்கும்' என்று ஒரு நண்பர் சொன்னார். பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். இலங்கையும் பிரிட்டிஷ் காலனிதான். அங்கே 1931-ல், டொனமூர் அரசியலமைப்பின்படி, 21 வயசு ஆன ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்கு வந்துவிட்டது. நமக்கு அதற்கப்புறம் 21 வருஷம் ஆச்சு. நடுவில் 1939-ல் ராஜாஜி மந்திரிசபை விலகி, 1946 வரை தேர்ந்தெடுத்த ஆட்சியே இல்லாமல் கவர்னர் ஆட்சி நடந்தது. நூறு என்று எண்ணும்போது அந்த ஏழு வருஷமும் உள்ளேதான் வருது.

எனக்கு 1921 விழா வேண்டாம் என்றில்லை. அந்தப் படத் திறப்பு மேடையில், அவைக்குள் வர முடியாத தொண்ணூற்றேழு பேரைப் பற்றியும் ஒரு வரி இருந்திருக்கலாம். 1952-ஐ வைத்து எண்ணியவர்கள் அதைச் சொல்ல இன்னும் நல்ல இடத்தில் இருந்தார்கள். அவர்கள் விழாவுக்குப் போகவில்லை.

எங்க பூட்டன் தறி நெய்தவர். சொந்தமா நிலம் கிடையாது, 1921 கணக்கில் அவர் இல்லை. அவர் மகள், எங்க ஆச்சி, முதல் ஓட்டுப் போட்டது 1952-ல். அப்போ ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனிப் பெட்டி, மேலே சின்னம் ஒட்டியிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது அவளுக்கு. எந்தப் பெட்டியில் போட்டாய் என்று கேட்டால் கடைசி வரைக்கும் சொன்னதில்லை. 'அது ரகசியம்லா' என்பாள்.