கதை அலமாரியும் பொது அறிவு அலமாரியும்

நூலகங்களில் கதை நூல்களை ஓர் அலமாரியிலும் பொது அறிவு நூல்களை மற்றோர் அலமாரியிலும் அடுக்கி வைத்திருப்பார்கள். முதல் அலமாரியில் இருப்பவை பொழுதுபோக்கு, இரண்டாவதில் இருப்பவை உண்மை என்பது பலருடைய எண்ணம். விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்குப் பெற்றோரும் ஆசிரியரும் இரண்டாவது அலமாரியையே காட்டுகிறார்கள். இந்தப் பாகுபாடு அவ்வளவு நம்பத்தக்கதன்று என்பது என் கருத்து. நான் திறனாய்வாளன் அல்லன். கைக்குக் கிடைத்ததைப் படிக்கும் சாதாரண வாசகன். ஆனால் படிக்கும்போது ஒரு பென்சிலும் துண்டுக் காகிதமும் பக்கத்தில் இருக்கும். இங்கே சொல்லப்போவதில் பாதி அந்தத் துண்டுக் காகிதத்திலிருந்து வந்தது.

முதலில் ஜூல்ஸ் வெர்ன். 1865-இல் வெளிவந்த ‘பூமியிலிருந்து சந்திரனுக்கு’ என்ற கதையில், அமெரிக்காவின் ஃபிளாரிடா மாநிலத்தில் 900 அடி நீளமுள்ள பீரங்கியைத் தரைக்குள் வார்த்து, மூவரை ஒரு குண்டுக்குள் அமர்த்திச் சந்திரனை நோக்கிச் சுடுகிறார்கள். அதன் தொடர்ச்சியான ‘சந்திரனைச் சுற்றி’யில் அவர்கள் சந்திரனில் இறங்காமலேயே அதைச் சுற்றித் திரும்பிப் பசிபிக் கடலில் விழுகிறார்கள். 1968 டிசம்பரில் அப்போலோ-8 அதே ஃபிளாரிடாவிலிருந்து மூவருடன் சென்று, சந்திரனைச் சுற்றி, பசிபிக் கடலில் இறங்கியது. இதைச் சொல்லி வெர்னைத் தீர்க்கதரிசி என்று புகழாதவர் இல்லை. எனக்கு இந்தப் புகழ்ச்சியில் அவ்வளவு நாட்டமில்லை. பீரங்கியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 900 அடி என்பது ஏறத்தாழ 274 மீட்டர். அந்தத் தூரத்திற்குள் விநாடிக்கு 11 கிலோமீட்டர் வேகம் வர வேண்டுமானால், வெடித்த ஒரு விநாடியின் இருபதில் ஒரு பங்கு நேரத்தில் குண்டு குழாயை விட்டு வெளியேறிவிடும். அதற்குள் இருப்பவர் மீது புவியீர்ப்பைப் போல் இருபத்திரண்டாயிரம் மடங்கு விசை தாக்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் அக்கணத்தில் 1,300 டன் எடை கொண்டவராவார். வெர்ன் குண்டின் அடியில் தண்ணீர் மெத்தை அமைத்தார். பாவம், தண்ணீர் என்ன செய்யும்!

ஆயினும் வெர்னை நான் விரும்பிப் படிப்பதற்குக் காரணம் ஒரு நாய். பயணிகளுடன் சென்ற இரண்டு நாய்களில் ஒன்று புறப்பாட்டு அதிர்ச்சியில் அடிபட்டு இறந்துவிடுகிறது. அதன் உடலைச் சன்னல் வழியே வெளியே தள்ளிவிடுகிறார்கள். பிறகு பார்த்தால், அந்த உடல் பின்தங்காமல் குண்டின் பக்கத்திலேயே வந்துகொண்டிருக்கிறது! இது முற்றிலும் சரி. காற்றில்லாத வெளியில் குண்டும் நாயும் ஒரே வேகத்தில், ஒரே ஈர்ப்புக்கு உட்பட்டுச் செல்கின்றன; நாய் பின்தங்கக் காரணமே இல்லை. ஆனால் வெளியே மிதக்கும் நாய்க்குப் பொருந்துவது உள்ளே இருக்கும் மனிதருக்கும் பொருந்த வேண்டுமல்லவா? அவர்களும் பயணம் முழுவதும் எடையின்றி மிதந்திருக்க வேண்டும். வெர்னோ, பூமியின் இழுப்பும் சந்திரனின் இழுப்பும் சமமாகும் ஓரிடத்தில் மட்டுமே அவர்களை மிதக்கவிடுகிறார். சன்னலுக்கு வெளியே சரியான விடை, உள்ளே தவறான விடை. எடையின்மை என்றால் என்ன என்று மாணவனுக்கு விளக்க இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. பிழையைக் கண்டுபிடிக்க வேண்டிய விவரம் முழுவதையும் ஆசிரியரே நம் கையில் கொடுத்துவிடுகிறார்.

எச். ஜி. வெல்ஸ் வேறு வழியில் சென்றார். 1901-இல் வந்த ‘சந்திரனில் முதல் மனிதர்’ கதையில் ஈர்ப்பு விசையை மறைக்கும் ‘கேவரைட்’ என்னும் பொருளைக் கற்பித்துக்கொண்டார். வெர்னுக்கு இது பிடிக்கவில்லை. தாம் பௌதிகத்தைப் பயன்படுத்துவதாகவும் வெல்ஸ் இட்டுக்கட்டுவதாகவும் குறைப்பட்டுக்கொண்டார். கேவரைட் இருக்க முடியாது என்பது மெய்தான். ஒரு சக்கரத்தின் பாதிக்குக் கீழே கேவரைட் தகட்டை வைத்தால், அந்தப் பாதி எடையிழக்கும், மறுபாதி கீழிறங்கும், சக்கரம் செலவில்லாமல் என்றென்றும் சுழலும்! ஆற்றல் அழியாமை விதியோடு அன்றே முடிந்தது. இருந்தும், இரண்டில் எது சிறந்த நூல் என்று கேட்டால் நான் வெல்ஸையே சொல்வேன். ஒரே ஒரு பொய்யைக் கடனாக வாங்கி, அதற்குப் பின் வருவதையெல்லாம் அவர் ஒழுங்காக நடத்துகிறார். சந்திரவாசிகளின் சமுதாயத்தில் ஒவ்வொருவர் உடலும் அவரவர் தொழிலுக்கென்றே வளர்க்கப்படுகிறது. இளம் உயிர்களை ஜாடிக்குள் அடைத்து, கை மட்டும் வெளியே வளரும்படி செய்கிறார்கள். வேலை இல்லாதவர்களை மருந்து கொடுத்து உறங்கவைக்கிறார்கள். படித்து முடித்த பின் கேவரைட் மறந்துவிடும், அந்த ஜாடிகள் மறக்கா.

வாசகரே ஆசிரியரிடம் கணக்குக் கேட்ட கதை ஒன்றும் உண்டு. லாரி நிவன் 1970-இல் எழுதிய ‘வளைய உலகம்’, சூரியனைப் போன்ற ஒரு விண்மீனைச் சுற்றி, பூமியின் சுற்றுப்பாதை அளவுக்குப் பெரிய வளையம் ஒன்றைக் கட்டி, அதன் உட்புறத்தில் மக்களைக் குடியேற்றுகிறது. வளையம் விநாடிக்கு 1,200 கிலோமீட்டர் வேகத்தில் சுழல்வதால் பூமியை ஒத்த எடை உண்டாகிறது. போட்டுப் பார்த்தேன், கணக்குச் சரியாகவே வருகிறது. ஆனால் இத்தகைய வளையம் தன் இடத்தில் நிலைத்து நிற்காது. சிறிது விலகினாலும், விண்மீனுக்கு அருகில் வந்த பக்கம் மேலும் இழுக்கப்பட்டு, இறுதியில் மோதிவிடும். சனிக்கோளின் வளையம் ஒரே திண்மமாக இருக்க முடியாதென்று மாக்ஸ்வெல் 1859-லேயே காட்டியது ஏறக்குறைய இதே நியாயத்தைக் கொண்டுதான். 1971-இல் பாஸ்டனில் நடந்த விஞ்ஞானக் கதை மாநாட்டில், எம்.ஐ.டி. மாணவர்கள் ‘வளைய உலகம் நிலையற்றது’ என்று தாழ்வாரங்களில் முழக்கமிட்டார்களாம்! நிவன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த நூலில் வளையத்தின் விளிம்பில், அதைத் தள்ளி நிறுத்தும் எஞ்சின்களைப் பொருத்தினார். இந்த நூலின் பாத்திரங்கள் எனக்கு அட்டைப் பொம்மைகளாகவே தோன்றினார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மாயக்கதை என்றாலே முகம் சுளிப்பவர்கள் அர்சுலா லெ குவின் 1968-இல் எழுதிய ‘எர்த்ஸீயின் மந்திரவாதி’யைப் படிக்கலாம். அங்கே மந்திரம் இலவசம் அன்று. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் வேறோரிடத்தில் அது குறையக்கூடும் என்று இளம் மந்திரவாதிகளுக்குக் கற்பிக்கிறார்கள். செருக்கினால் ஒரு நிழலை அவிழ்த்துவிட்ட சிறுவன், கதை முழுவதும் அதற்கு விலை கொடுக்கிறான். அழியாமை விதிகளைப் படித்த மாணவனுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

இனி இரண்டாவது அலமாரிக்கு வருவோம். அதே 1968-இல் எரிக் வான் டேனிக்கன் ஜெர்மன் மொழியில் எழுதிய நூல், ‘தேவர்களின் தேர்கள்’ என்ற பொருள்படும் தலைப்புடன் ஆங்கிலத்தில் வந்து, உலகெங்கும் இலட்சக்கணக்கில் விற்பனையாயிற்று. பண்டை மக்களின் பெருஞ்சாதனைகளுக்குப் பின்னால் விண்வெளியிலிருந்து வந்தவர்கள் இருந்தனர் என்பது அதன் வாதம். சான்றுகளில் ஒன்று நம் தில்லி இரும்புத் தூண். நாலாயிரம் ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் அது துருப்பிடிக்கவில்லை, அதில் கந்தகமோ பாஸ்பரசோ இல்லை என்கிறது நூல்.

குதுப்மினார் வளாகத்தில் நிற்கும் இத்தூண் சுமார் 7 மீட்டர் உயரமும் 6 டன்னுக்கு மேல் எடையும் உடையது, குப்தர் காலத்தது. வயது ஏறத்தாழ 1,600 ஆண்டுகள், நாலாயிரம் அல்ல. பாஸ்பரஸ் செய்திதான் வேடிக்கை. தூணில் பாஸ்பரஸ் இருக்கிறது. தற்கால இரும்பில் இருப்பதைவிடப் பன்மடங்கு இருக்கிறது. அக்காலக் கொல்லர்கள் மரக்கரியை இட்டு, சுண்ணாம்பு சேர்க்காமல் இரும்பை உருக்கியெடுத்ததால் அது கழிவோடு நீங்காமல் உலோகத்திலேயே தங்கிவிட்டது. கான்பூர் ஐ.ஐ.டி.யைச் சேர்ந்த ஆர். பாலசுப்பிரமணியம் இத்தூணை விரிவாக ஆராய்ந்தார். பாஸ்பரசின் துணையால் இரும்பின் மேற்பரப்பில் பாஸ்பேட் படலம் ஒன்று மெல்ல உருவாகி, துரு உள்ளே பரவாமல் காக்கிறது என்று அவர் விளக்கினார். ஆக, எது இல்லை என்று டேனிக்கன் வியந்தாரோ அதுவே தூணைக் காத்து நிற்கிறது! பின்னர் 1974-இல் ஒரு பேட்டியில், தூணை இனிப் புதிராகக் கருதவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். கரியும் சம்மட்டியும் கொண்டு உழைத்த கொல்லர்களிடமிருந்து பறித்து வேற்றுலகத்தாருக்குக் கொடுத்த பெருமையை ஒரு பேட்டியா திருப்பித் தரும்? வெர்னின் பிழையை வெர்னின் பக்கங்களைக் கொண்டே பிடிக்கலாம். டேனிக்கனின் பிழையைப் பிடிக்க அவர் நூலுக்குள் வழியே இல்லை, கேள்விக்குறிகள்தாம் உண்டு.

தகவல் பிழையின்றியும் ஒரு நூல் நேர்மை தவறலாம். ஜேம்ஸ் வாட்சனின் ‘இரட்டைச் சுருள்’, இதுவும் 1968, டி.என்.ஏ.யின் அமைப்பைக் கண்டுபிடித்த வரலாற்றைத் துப்பறியும் கதைபோல் சொல்கிறது. கையிலெடுத்தால் கீழே வைக்க மனம் வராது. ஆனால் ரோசலிண்ட் ஃபிராங்க்ளினை அவர் வரைந்திருக்கும் விதம்! அவரும் அவர் மாணவர் கோஸ்லிங்கும் எடுத்த எக்ஸ்-கதிர்ப் படம் 1953 சனவரியில் அவருக்குத் தெரியாமலேயே வாட்சனுக்குக் காட்டப்பட்டது. அப்படத்தால் பயனடைந்தவர், அந்த அம்மையாரின் உடையையும் உதட்டுச் சாயத்தையும் பற்றிக் கேலி பேசுகிறார். ஃபிராங்க்ளின் 1958-லேயே மறைந்துவிட்டார். மறுமொழி சொல்ல ஆளில்லை. நூலின் பின்னுரையில் வாட்சன் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டு அவர் திறமையைப் போற்றுகிறார் என்பது உண்மை. 1975-இல் ஆன் சேயர் என்ற தோழி ஃபிராங்க்ளினின் வரலாற்றை எழுதினார். இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும். முதலில் வாட்சனைப் படியுங்கள், அது சிறியது; பின்னுரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.