ஃபாரெவர் (புதினம்) – திறனாய்வு

ஃபாரெவர் (1975) என்பது அமெரிக்க எழுத்தாளர் ஜூடி புளூம் எழுதிய இளையோர் புதினம் ஆகும். அக்கால இளையோர் கதைகளில் திருமணத்திற்கு முன் உறவுகொள்ளும் பெண்ணுக்குத் தண்டனை போல ஏதேனும் கேடு நேர்வது வழக்கம். அப்படி முடியாத ஒரு கதையைத் தம் மகள் கேட்டதால் இதனை எழுதியதாகப் புளூம் கூறியுள்ளார்.

நாயகி கேத்தரின் மருத்துவ நிலையம் சென்று கருத்தடை மாத்திரை பெறுகிறாள். மைக்கேலுடனான காதல் முடிந்த பின்னும் அவள் வாழ்வு சிதையவில்லை. ஆனால் துணைப்பாத்திரமான சிபில் கருவுற்று, பெற்ற குழந்தையைத் தத்துக் கொடுக்கிறாள். நாயகியிடமிருந்து நீக்கிய பழைய சுமையை ஆசிரியர் சிபில் மீது ஏற்றிவிட்டார் எனலாம்.

ஆகவே இப்புதினத்தில் அறவுரை இல்லை என்பது பொருந்தாது. 'விலகி இரு' என்ற அறிவுரை 'பொறுப்போடு இரு' என்று மாறியுள்ளது. பள்ளி நூலகங்களிலிருந்து இதனை நீக்கக் கோரியோர் உறவுக் காட்சிகளையே கண்டனர், இம்மாற்றத்தைக் காணவில்லை. 'என்றென்றும்' எனப் பொருள்படும் தலைப்பைக் கதையின் முடிவே மறுப்பதுதான் இதன் சிறந்த பாடம்.