பலூன் பாடத்தின் மறு பாதி

இராக்கெட்டை விளக்க நம் வகுப்பறைகளிலும் அறிவியல் கண்காட்சிகளிலும் தவறாமல் வருவது காற்றடைத்த பலூன். பிடியை விட்டதும் காற்று பின்னே சீறும். பலூன் முன்னே பாயும். நியூட்டனின் மூன்றாம் விதி விளங்கிற்று என்று பாடத்தை முடித்துவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் முடித்தேன்.

ஆனால், மாணவர்கள் சிரிப்பது எதைக் கண்டு? பலூன் தறிகெட்டு ஓடுவதைக் கண்டுதான். அதற்கும் காரணம் உண்டு. பலூனின் மெல்லிய வாய் துடிப்பதால் காற்று வெளியேறும் திசை மாறிக்கொண்டே இருக்கிறது. உந்துவிசை நிறைமையத்தின் வழியே செல்லாமல் விலகி, பலூனைத் திருப்பிவிடுகிறது. இதை வேடிக்கை என்று ஒதுக்குவதே நம் விளக்கத்தின் குறை. இந்தத் திருப்பத்தைக் கட்டுக்குள் கொண்டுவந்தால், அதுவே இராக்கெட்டின் சுக்கான்!

நமது பி.எஸ்.எல்.வி. இராக்கெட்டைப் பாருங்கள். முதற் கட்டத்தில், வாயு வெளியேறும் கூம்பு வாயான நாசில் அசைவதில்லை. அதன் சுவரில் ஒரு பக்கமாக ஸ்ட்ரான்சியம் பெர்குளோரேட் கரைசலைப் பீச்சுகிறார்கள். ஒலியை மிஞ்சும் வேகத்தில் பாயும் வாயுவில் அங்கே அதிர்ச்சி அலை எழுகிறது. அப்பக்கச் சுவரில் அழுத்தம் கூடுகிறது. வால் அப்பக்கம் தள்ளப்பட, மூக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. இரண்டாம் கட்டத்தில் விகாஸ் எஞ்சினே சாய்கிறது. மூன்றாம் கட்டத்தில், ரப்பர் அடுக்குகள் கொண்ட நெகிழும் இணைப்பினால் நாசில் மட்டும் சாய்கிறது. நான்காம் கட்டத்தில் இரண்டு சிறு எஞ்சின்கள் சாய்கின்றன. முறைகள் வேறு, தத்துவம் ஒன்றே.

இந்த மறு பாதி எவ்வளவு முக்கியம் என்பதை 1993 செப்டம்பர் 20 உணர்த்தியது. அன்று முதன்முதலாகக் கிளம்பிய பி.எஸ்.எல்.வி., இரண்டாம், மூன்றாம் கட்டங்கள் பிரியும் வேளையில் நிலை குலைந்தது. அதைச் சரிசெய்ய வேண்டிய கட்டுப்பாட்டு மென்பொருளில் பிழை இருந்தது. உந்துவதற்கு ஆற்றல் இருந்தும், செயற்கைக்கோள் சுற்றுப்பாதையை எட்டவில்லை. குறைகளைக் களைந்து 1994 அக்டோபர் 15இல் ஏவிய அடுத்த இராக்கெட்டு வெற்றி கண்டது.

ஆகவே பலூனைக் கைவிட வேண்டாம். பாடத்தை நிறைவு செய்வோம். மடங்கக்கூடிய உறிஞ்சுகுழல் ஒன்றின் முனையில் பலூனைக் கட்டுங்கள். குழலின் நடுவே குண்டூசி குத்தி, பென்சில் நுனி ரப்பரில் தளர்வாகப் பொருத்துங்கள். குழல் நேராக இருந்தால் பலூன் சுழலாது. முனையைப் பக்கவாட்டில் மடக்குங்கள், சுழலும். மறுபக்கம் மடக்கினால் எதிர்த்திசையில் சுழலும்.

தள்ளுவது மட்டுமன்று, திருப்புவதும் இராக்கெட்டுக் கலையே என்பதை மாணவர் தம் கையாலேயே கண்டுகொள்வர்.