நிறம் மாறினால் அது குறியாக்கம் ஆகிவிடுமா?

ஒளிரும் கலப்பின உலோக ஹேலைடுகள் பற்றிய ஆய்வுக் கட்டுரைகளைக் கொஞ்ச நாளாகப் படித்து வருகிறேன். வேதியியல் அபாரம். உறுத்துவது கடைசிப் பத்திதான். "தகவல் குறியாக்கத்துக்குப் பயன்படும்" என்று முடிப்பது ஒரு சடங்கு மாதிரி ஆகிவிட்டது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். மாங்கனீசு அயனியை நான்கு ஹேலைடுகள் நான்முகியாகச் சூழ்ந்தால், புற ஊதா விளக்கில் பெரும்பாலும் பச்சையாக ஒளிரும். ஆறு எண்முகியாகச் சூழ்ந்தால் ஆரஞ்சு அல்லது சிவப்பு. ஆறு பேர் சூழும்போது படிகப்புலம் வலுக்கிறது, கிளர்ந்த நிலைக்கும் தரைநிலைக்கும் உள்ள ஆற்றல் இடைவெளி குறைகிறது, ஒளி சிவப்புப் பக்கம் நகர்கிறது. உலோகம் அதேதான், அக்கம்பக்கம்தான் மாறுது! சில உப்புகளில் நீராவி பட்டாலே இந்த மாற்றம் நடக்கும், சூடாக்கினால் பழையபடி திரும்பும்.

இதை வைத்து என்ன செய்கிறார்கள்? மாறும் உப்பு, மாறாத உப்பு இரண்டையும் கலந்து '8' எழுதுகிறார்கள். ஆவி காட்டினால் ஒரு பகுதி நிறம் மாறி '3' தெரிகிறது. குறியாக்கமாம்!

சாவி எங்கே? வழிமுறை முழுக்க எதிரிக்குத் தெரிந்தாலும், சாவி தெரியாதவரை ரகசியம் காக்கப்படணும்னு கெர்க்கோஃப்ஸ் 1883-லேயே எழுதிவிட்டார். இங்கே 'சாவி' நீராவி. கொதிக்கும் கெட்டில் இருந்தால் யாரும் திறக்கலாம். எலுமிச்சைச் சாற்றில் எழுதி விளக்கில் காட்டும் பழைய வித்தைதான் இது.

போலித் தடுப்பு என்பது வேறு வாதம். யூரோ நோட்டு புற ஊதாவில் ஒளிரும்னு எல்லாருக்கும் தெரியும். அதில் தப்பில்லை, நகலெடுப்பது கடினமாக இருந்தால் போதும். ஆனால் அதே கட்டுரைகள் "மலிவான உப்பு, எளிய தயாரிப்பு" என்று பெருமைப்படுகின்றனவே? அந்த வசதி போலி தயாரிப்பவனுக்கும்தானே கிடைக்கும்? மருந்து அட்டையில் ஒட்டினால் இன்னொரு சிக்கல்: மழைக்கால ஈரத்தில் தானே நிறம் மாறி, நல்ல மருந்தும் போலியாகத் தெரியலாம்.

உருப்படியான வழி இருக்கிறது. ஒளிச்சிதறலின் தற்செயல் வடிவத்தையே கைரேகை போலப் பயன்படுத்தலாம்னு ரவிகாந்த் பப்புவும் சக ஆய்வாளர்களும் 2002-ல் காட்டினார்கள். இந்த உப்புகளின் துகள்களும் மையில் தாறுமாறாகத்தான் சிதறும். அந்தச் சிதறலைப் படமெடுத்துப் பதிந்து, பிறகு ஒப்பிட்டால் அது பாதுகாப்பு பற்றிய சோதனை.

இல்லையென்றால் நேர்மையாக ஈரப்பத உணரின்னே சொல்லலாம். சிலிக்கா ஜெல்லில் கோபால்ட் குளோரைடு காய்ந்தால் நீலம், நனைந்தால் இளஞ்சிவப்பு. அங்கேயும் உலோகத்தின் சுற்றுவட்டம் மாறுவதுதான் காரணம். அதை யாரும் குறியாக்கம்னு சொன்னதில்லை.